முதலில் மெட்டு, அப்புறம் ஆர்கெஸ்ட்ரா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், மாயக்கதைத் தொடர்களுக்கும் வீடியோ கேம்களுக்கும் இசையமைக்கிற இளைஞர்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். இந்த வேலையை ஒரு வேலையாக மதித்து அரைப்பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் அதில் ஒரு கருத்தை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை. மாயக்கதை நாயகன் என்றால் பிரம்மாண்டம் வேண்டும், பிரம்மாண்டம் என்றால் பித்தளை வாத்தியங்களும் கோரஸும் பெரிய டிரம்முமாக அதிர வேண்டும், அதற்கான ரெடிமேட் ஒலிகள் இப்போது மலிவாகவே கிடைக்கின்றன என்று எழுதியிருந்தது. பாளையங்கோட்டையில் கீபோர்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டு, கூடவே இந்த வேலையையும் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வழியில் போனால் அரக்கனுக்கும் அரசிக்கும் ஒரே இசைதான் வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வருவது யாரென்று தெரியாது. வருவது யாரென்று சொல்லத்தானே தீம் மியூசிக்?

இதை உலகத்துக்கே தெளிவாகச் சொல்லிக்காட்டியவர் ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவ். 1936-இல் குழந்தைகளுக்காக அவர் எழுதிய 'பீட்டரும் ஓநாயும்' படைப்பில் பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்குப் பஸ்ஸூன், ஓநாய்க்கு மூன்று ஹார்ன். சிறுவன் பீட்டருக்குத் தந்தி வாத்தியங்கள். ஒவ்வொருவருக்கும் தனி வாத்தியம், தனி மெட்டு. ஒரு தடவை கேட்ட குழந்தை அடுத்த தடவை பெயர் சொல்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடும். அத்தனை பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவைக் கையில் வைத்துக்கொண்டு பூனைக்கு ஒரே ஒரு கிளாரினெட்டை நடக்கவிட்டாரே, அந்தத் தைரியம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நம் ஊருக்கும் இது புதுசில்லை. கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். கதை சாதாரணமாக நடக்கும்போது உடுக்கும் குடமும் ஒரு நிதானத்தில் போகும். சாமி வருகிற கட்டம் நெருங்கியதும் அடி மாறும், வீசுகோல் வில்நாணில் விழுகிற வேகம் கூடும், மணிகள் பதறும், பந்தலின் கடைசியில் உட்கார்ந்து சுக்குக்காப்பி குடித்துக்கொண்டிருக்கிற ஆள்கூட டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். கணியான் கூத்தில் மகுடம் என்கிற தோல்வாத்தியம் இரண்டு, ஒன்று உச்சம், ஒன்று மந்தம். அந்த இரண்டு குரல்களுக்கு நடுவில்தான் சுடலைமாடன் கதை முழுக்க நிற்கிறது. பயம், கோபம், கருணை எல்லாவற்றையும் அவ்வளவு சின்ன வாத்தியக் கூட்டத்தை வைத்தே காட்டியிருக்கிறார்கள். பிரம்மாண்டத்துக்கு இதைவிட வேறு என்ன அளவுகோல் வேண்டும்?

இப்போது நான் செய்துகொண்டிருக்கிற ஒரு வேலையைச் சொன்னால் நான் சொல்ல வருவது இன்னும் விளங்கும். நண்பர் ஒருவர் ஒலித்தொடராக ஒரு மாயக்கதை எழுதுகிறார். களம், சாத்தான்குளம் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு. (1986-இல் மாவட்டம் பிரிந்து அந்தப் பகுதி தூத்துக்குடியோடு போய்விட்டது. எங்களுக்கு இன்னும் அது நெல்லைச் சீமைதான்.) ஆனி ஆடிக் காற்றில் அங்கே செம்மணல் எழும்பி ஓடும் அல்லவா, அந்த மணலுக்கு அடியில் மூடிப்போன ஒரு ஊரைக் காவல் காக்கிறவள் கதாநாயகி, பெயர் செம்மணலி. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரியும். தன் ஊருக்குள் மட்டும் அவளால் போக முடியாது.

அந்தக் கடைசி வாக்கியத்திலிருந்துதான் மெட்டு பிறந்தது. ஐந்தே சுரம். சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரே தாவல், மத்யமத்துக்குக் கொஞ்சம் இறக்கம், கைசிகி நிஷாதத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பவும் பஞ்சமத்தில் வந்து நிற்கும். ஸ ப ம நி ப. சுத்த தன்யாசி ராகம் தெரிந்தவர்கள் பாடிப் பார்க்கலாம். மெட்டுக்கு வீடு மாதிரியான சட்ஜத்தில் போய் முடியவே முடியாது, ஏனென்றால் அவளுக்கு வீடு இல்லை. தொடர் முழுக்க அந்த மெட்டு பஞ்சமத்திலேயே நின்று நின்று, கடைசி அத்தியாயத்தில் அவள் ஊருக்குள் காலெடுத்து வைக்கும்போதுதான் முதல்முறையாகச் சட்ஜத்தில் இறங்கும். கேட்கிறவருக்குச் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஏதோ ஒன்று நிறைந்துவிட்டது என்று காதுக்கே புரிந்துவிடும். இந்த அளவு யோசனை மெட்டில் இல்லாமல் நூறு வாத்தியத்தை அடுக்கி என்ன பிரயோஜனம்?

மெட்டு கையில் வந்தபிறகுதான் வாத்தியம். மணல் ஓடுகிற சத்தத்துக்கு வயலின்களையும் வயோலாக்களையும் பல பிரிவாகப் பிரித்து, வில்லைக் குதிரைக்கு (தந்திகளைத் தாங்குகிற சின்னக் கட்டை) ரொம்பப் பக்கத்தில் வைத்து வேகமாக நடுங்கவிடச் சொல்லி எழுதியிருக்கிறேன், அப்படி வாசித்தால் சுரம் பாதியும் சரசரப்பு பாதியுமாகக் கேட்கும். அடியில் செல்லோவும் டபுள் பாஸும் சட்ஜம் பஞ்சமம் மட்டும், தம்புரா மாதிரி. அந்தக் கீழ்ஸ்தாயியில் காந்தாரத்தைச் சேர்த்துவிட்டால் ஒலி கலங்கிச் சேறாகிவிடும். மெட்டை முதலில் சொல்வது ஆல்ட்டோ புல்லாங்குழல், அதன் கீழ்ச் சுரங்களில் ஊதுகிறவரின் மூச்சும் சேர்ந்து கேட்கும். அவள் கோபப்படுகிற இடத்தில் அதே ஐந்து சுரத்தை ஹார்ன்கள் எடுத்துக்கொள்ளும், தாளம் ஏழு அடி மிஸ்ரத்துக்கு மாறும், தகிட தகதிமி.

இதில் ரெடிமேட் ஒலிகளை நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரில் அந்தப் புல்லாங்குழலின் அடிச் சுரத்தை நான்கு டிராம்போன்களுக்கு மேலே கேட்கிற மாதிரி வைத்துவிடலாம், ஒரு பட்டனைத் தள்ளினால் போதும். மேடையில் மனிதர்கள் வாசிக்கும்போது அது நடக்காது, டிராம்போன் புல்லாங்குழலை விழுங்கிவிடும். மூச்சு விட இடமே இல்லாமல் இரண்டு நிமிடம் ஹார்னுக்கு நீட்டி எழுதுவதும் இதே கதைதான். கம்ப்யூட்டருக்கு நெஞ்சு இல்லை, வாசிக்கிறவருக்கு இருக்கிறது. பிள்ளைகள் தாராளமாகக் கம்ப்யூட்டரில் எழுதிப் பழகட்டும், மியூஸ்கோர் போன்ற இசை எழுதும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் எழுதியதை ஒரு மனிதரிடம் காட்டி வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும்.

நான் கேட்டது ஒரு குடக்காரரிடம். வில்லுப்பாட்டுக் குழுவில் காலமெல்லாம் குடம் அடித்தவர். செம்மணலியின் மெட்டை ஹம் செய்து காட்டி, இவள் வருகிற இடத்துக்கு அடி எப்படி இருக்கலாம் அண்ணாச்சி என்று கேட்டேன். கதையைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "சரி தம்பி, மணல்ல நடக்கவ காலு பொதையும்லா, அப்ப அடி ஒண்ணு முங்கணும்" என்று சொல்லிவிட்டுப் பத்தி என்கிற மட்டையால் குடத்தின் வாயில் அடித்துக் காட்டினார். ஏழில் மூன்றாவது அடி இல்லை. அடி விழ வேண்டிய இடத்தில் குடத்துக்குள் காற்று மட்டும் 'ம்ம்' என்று அடங்கியது. அந்த விடுபட்ட மூன்றாவது அடியில்தான் இப்போது எங்கள் பெரிய டிரம் மெல்ல விழுகிறது. எந்த ஒலித்தொகுப்பிலும் இது விலைக்குக் கிடைக்காது.

இன்னொரு பக்கமும் எச்சரிக்கை வேண்டும். மண்ணின் இசை என்று காட்டுவதற்காக, வெளிநாட்டுத் தீமின் மேல் நாலு விநாடி நாதஸ்வரத்தை ஒட்டவைக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு அப்படிச் செய்யக் கூடாது. நாதஸ்வரத்தின் கனமும், சுரத்தை அசைத்து வாசிக்கிற கமகமும் தனி. இருபது வயலினை அதே வரியை அதோடு சேர்ந்து வாசிக்கச் சொன்னால் இரண்டும் முட்டிக்கொள்ளும். தந்திகள் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும், நாதஸ்வரம் தன் போக்கில் ஆலாபனையாக வர வேண்டும். அதற்கு இடம் கொடுக்க முடியாதென்றால் சேர்க்காமலே விடலாம்.

ஆர்கெஸ்ட்ரா நமக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் அதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் தன் சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்கெஸ்ட்ராவோடு அரங்கேற்றியதை ஊரே கொண்டாடியது. அதற்கு ரொம்ப முந்தி, 1917-இல், 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரிய இசை நூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்தவர். பாளையங்கோட்டையின் தேவாலயப் பாடகர் குழுக்களில் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று நான்கு குரலில் பாடிப் பழகிய பிள்ளைகளுக்கு ஒத்திசைவு காதிலேயே இருக்கிறது. கொடையில் நையாண்டி மேளம் கேட்ட பிள்ளைகளுக்குத் தாளம் உடம்பில் இருக்கிறது. இரண்டு கூட்டமும் ஒரே தெருவில்தான் வசிக்கிறது, ஆனால் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவதில்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்த விஷயத்தை எழுதும்போது மென்பொருள் விற்கிறவர்களோடு சேர்த்து வில்லிசைக் குழுவை நடத்துகிற ஒரு அண்ணாவியையும், ஒரு மகுடக்காரரையும், ஒரு தேவாலயப் பாடகர் குழு நடத்துனரையும் பேட்டி எடுங்கள். அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரம், தவில், வயலின் கற்கிற மாணவர்களுக்கு, வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஐந்து கோடுகளில் சுரம் எழுதுகிற ஸ்டாஃப் நொட்டேஷனும் பல வாத்தியங்களுக்குச் சேர்த்து எழுதுகிற முறையும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்யும்படி உங்கள் தலையங்கத்தில் கேளுங்கள். ஆசிரியர் கிடைக்காதது பிரச்சினை என்றால், பாளையங்கோட்டை வகுப்புக்கு நான் சம்பளம் வாங்காமல் வரத் தயார்.

இப்படிக்கு,
கீபோர்டு ஆசிரியர், உங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை.