நமது நிருபருக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. பெரிய அத்தை விஷயம் ஒரு வழியாக முடிந்தது. அதையெல்லாம் அப்புறம் விவரமாக எழுதுகிறேன்.

நீ சொல்லிக்கொண்டே இருந்த 'ஸ்பாட்லைட்' படத்தைப் பார்த்துவிட்டேன். பாதிரியார்கள் குழந்தைகளிடம் செய்த பாலியல் கொடுமையைத் திருச்சபை மூடி மறைத்ததை வெளியே கொண்டுவந்த அந்தப் பாஸ்டன் நிருபர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவதைத்தான் எல்லோரும் பெரிதாகச் சொல்கிறார்கள். என் மனதில் நின்றவை அந்தப் பழைய டைரக்டரிகள். எந்தப் பாதிரியார் எந்த வருடம் எந்தத் தேவாலயத்தில் இருந்தார் என்று திருச்சபையே அச்சடித்த புத்தகங்கள். அதை எடுத்து வைத்துக்கொண்டு, வரிவரியாகப் பார்த்து, 'நோய் விடுப்பு' என்று போட்டிருக்கும் பெயர்களைப் பொறுக்குகிறார்கள். ரகசிய ஆவணம் எதுவும் இல்லை, அலமாரியில் கிடந்த புத்தகம்தான். நூலகத்தின் பருவ இதழ்ப் பிரிவில் இத்தனை காலம் உட்கார்ந்திருப்பவளுக்கு அதைப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது.

'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்' நினைவிருக்கிறதா? 1976 படம், நாம் இரண்டு பேரும் விடிய விடியப் பேசினோமே. வாட்டர்கேட் ஊழலைத் தேடிப்போன இரண்டு நிருபர்களும் வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தில் புத்தகம் எடுத்தவர்களின் சீட்டுகளைக் குவித்து வைத்துப் புரட்டுவார்கள். கேமரா மேலே மேலே போகும். வட்டமான வாசிப்பறை முழுவதும் தெரியும், அவர்கள் புள்ளியாகிவிடுவார்கள். அத்தனை தேடியும் ஒன்றும் கிடைக்காது. அதற்கு முன்னால் நூலக ஊழியர் ஒருவர், வெள்ளை மாளிகையிலிருந்து எடுத்த புத்தகங்களின் தகவலைத் தர முடியாது என்று மறுப்பார். உனக்கு அவர்மேல் என்ன கோபம் வந்தது! நான் இன்றும் அவர் பக்கம்தான். யார் என்ன படிக்கிறார் என்பதை நூலகம் வெளியே சொல்லக் கூடாது. உன்னை நம்பிப் பேசியவர்களின் பெயரை நீ காப்பாற்றுவதும் அதே கடமைதான். யார் கேட்டாலும் கொடுக்காதே. மேலே இருப்பவர்கள் கேட்டாலும் யோசித்துச் செய்.

குறிப்பு நோட்டுகளைப் பத்திரமாக வை. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடு.

உங்கள் பத்திரிகை காலையில் வந்ததும் முத்திரை குத்தி மேசையில் போடுவது நான்தான். போடுவதற்கு முன்னால் உள்பக்கங்களை ஒரு பார்வை பார்த்துவிடுவேன். கொஞ்ச நாளாக உன் பெயரைக் காணோம். குறையாகச் சொல்லவில்லை. வேலை மாறியிருக்கலாம், பெரிய செய்தி எதற்காவது அலைந்துகொண்டிருக்கலாம். 'நமது நிருபர்' என்று போட்டவற்றை எல்லாம் விடாமல் படிக்கிறேன். 'தெரிவித்தார்', 'கூறினார்' எல்லாம் உனக்குப் பிடிக்காது. 'சொன்னார்' என்றே எழுதிக் கொடுப்பாய், டெஸ்க்கில் மாற்றிவிட்டார்கள் என்று புலம்புவாய். செவ்வாய்க்கிழமை ஐந்தாம் பக்கத்தில், டெண்டர் விளம்பரத்துக்கு மேலே, குடிநீர்க் குழாய் பற்றி ஒரு சின்னச் செய்தி. அதில் ஒரு 'சொன்னார்' தப்பித்து வந்திருந்தது. ஆளின் பெயருக்கு முன்னால் அவர் பார்க்கும் வேலையும் இருந்தது. அது நீதானே?

சின்ன வயதில் படக்கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு 'டின்டினை நிருபர் என்கிறார்கள், அவன் எழுதுவதே இல்லையே' என்று என்னைத் துளைத்தெடுத்தவள் நீ. எழுதினால்தான் நிருபர் என்று அந்த வயதிலேயே உனக்குத் தெரிந்திருந்தது. அதை நான் சொல்லாத ஆள் இல்லை.

போனை எடுக்காததற்கு வேலைதான் காரணம் என்று நம்புகிறேன். ஆனால் நள்ளிரவு பதிப்பு முடிந்த பிறகும் அம்மாவுக்கு ஒரு வரி அனுப்பிய பிள்ளைதானே நீ?

'ரோமன் ஹாலிடே' படத்தைப் பற்றி அப்பா இன்னும் அதே பேச்சுத்தான் பேசுகிறார். கையில் கிடைத்த இளவரசியின் கதையை எழுதாமல் விட்டவன் என்ன நிருபர் என்று கேட்கிறார். எனக்கு அவனைப் பிடிக்கும். பணம் வரும், பெயர் வரும் என்று தெரிந்தே அவன் விட்டான். அது அவன் எடுத்த முடிவு. கையில் செய்தி இருந்தும் இன்னொருவர் எழுத விடாமல் வைத்திருந்தால் அது வேறு. அப்படி ஏதாவது என்றால் என்னிடம் சொல்லலாம். அப்படி இல்லை என்றாலும் சொல்லலாம்.

வெளிவராமல் நின்றுபோனவற்றையும் தூக்கிப் போட்டுவிடாதே, தேதி போட்டு வை. 'ஸ்பாட்லைட்' படத்திலும் அதே பத்திரிகைக்குப் பல வருடம் முன்பே தகவல் வந்திருக்கிறது. உள்ளே சின்னதாக ஒரு செய்தி போட்டு மறந்திருக்கிறார்கள். பழைய கத்தரிப்பு பத்திரமாக இருந்ததால் அதை எடுத்துப் பார்க்க முடிந்தது. உன் கத்தரிப்புகளில் செல்லோடேப் ஒட்டாதே, அந்தப் பசை தாளில் இறங்கிக் கறையாகிவிடும். செய்தித்தாள் மரக்கூழில் செய்தது. அதில் மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் அதிகம், வெயில் பட்டால் சீக்கிரம் மஞ்சளாகி நொறுங்கிவிடும். ஜன்னல் ஓரத்தில் அடுக்காதே. நோட்டுகளையும் அங்கே வைக்காதே.

உன் பெயரோடு வந்ததை எல்லாம் வீட்டுக்கு வாங்கும் பிரதியிலிருந்து வெட்டி வைக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். இப்போது 'நமது நிருபர்' செய்திகளுக்கும் ஒரு கோப்பு போட்டிருக்கிறேன். குடிநீர்க் குழாயை அதில் வைத்துவிட்டேன். மற்றவற்றில் உன்னுடையவை எவை என்று தேதியும் பக்கமும் எழுதி அனுப்பு. ஒன்றுமே இல்லை என்றால் அதையும் எழுது. அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

அன்புடன்,
அம்மா