பள்ளிக்கூடம் விட்ட பிறகும் பாட ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் நன்றாகப் பாடும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. தமிழ்மொழித் தினப் போட்டிக் காலத்தில் எங்கள் வலய மட்ட மேடைகளை வந்து பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் உயர்தரப் பரீட்சையோடு பெரும்பாலானவர்களின் பாட்டும் நின்றுவிடுகிறது. மருதனார்மடத்துப் பல்கலைக்கழகப் பிரிவுக்கு இசை படிக்கப் போகிறவர்கள் சிலர்தான். மற்றவர்கள் கல்யாணம், காமென்ட்ஸ் எனப்படும் ஆடைத் தொழிற்சாலை வேலை, வயல், வெளிநாடு என்று போய்விடுகிறார்கள். விசுவமடுவில் சங்கீதம் படிப்பிக்கும் எனக்கு இது நெடுநாள் மனத்தாங்கல். இப்போது எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் கத்லீன் ஃபெரியர் என்ற இங்கிலாந்துப் பாடகியின் வாழ்க்கை.

லண்டனில் இருக்கும் என் தங்கையின் மகள் அவருடைய ஒலிப்பதிவு ஒன்றை அனுப்பியிருந்தாள். 1949இல் பதிவான வட இங்கிலாந்து நாட்டார் பாடல். தென்திசைக் காற்றே வீசு, கடல் மேல் போனவனை என்னிடம் கொண்டுவா என்று கரையில் நிற்கும் ஒரு பெண் கேட்கிறாள். முல்லைத்தீவுக் கரையில் வள்ளம் பார்த்து நின்ற எந்தப் பெண்ணுக்கும் அந்தப் பாட்டு விளங்கும். பக்கவாத்தியம் இல்லை, சுருதிகூட இல்லை, முதலிலிருந்து கடைசிவரை குரல் மட்டும். அந்தக் குரலோ பெண் குரல்களில் மிகக் கீழே நிற்பது. மேற்கத்தைய இசையில் இதைக் கொன்ட்ரால்டோ என்கிறார்கள். அதைக் கேட்ட பிறகுதான் அவரைத் தேடித் தேடிப் படித்தேன்.

ஃபெரியர் 1912 ஏப்ரல் 22ஆம் திகதி லங்காஷயரில் ஹயர் வோல்டன் என்ற கிராமத்தில் பிறந்தவர். தகப்பன் கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளை பியானோவில் கெட்டிக்காரி; இசைக் கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியவர். தகப்பன் ஓய்வுபெறும் காலம் நெருங்கியதால் வீட்டில் காசுக்குப் பயம் வந்தது. 14 வயதில் படிப்பை நிறுத்தி, பிளக்பேர்ன் நகரத் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். 1935இல், தொலைபேசியில் நேரம் சொல்வதற்கு ஒரு நல்ல குரல் தேடி, தொலைபேசியையும் நடத்திவந்த தபால் திணைக்களம் தன் ஊழியர்களிடையே போட்டி வைத்தது. இவரும் போட்டியிட்டார், எடுபடவில்லை. அதே ஆண்டில் ஒரு வங்கி ஊழியரைக் கல்யாணம் செய்தார். கல்யாணமான பெண்களைத் திணைக்களம் வேலையில் வைத்திருக்காத காலம் அது. அந்த வேலையும் போனது.

இனி வருவதைத்தான் அதிகாரிகள் கவனித்து வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 1937இல் கார்லைல் நகரத்தில் இசைப் போட்டி நடந்தது. ஃபெரியர் பியானோவுக்குப் பெயர் கொடுத்திருந்தார். பாட்டுப் போட்டிக்கும் பெயர் கொடுக்க உனக்குத் துணிவிருக்கிறதா என்று புருஷன் ஒரு ஷில்லிங் பந்தயம் கட்டினார். பெயர் கொடுத்தார். பியானோவிலும் பாட்டிலும் முதற்பரிசு அவருக்குத்தான். அப்போது அவருக்கு வயது 24. கையில் பாட்டுச் சான்றிதழ் எதுவும் கிடையாது. வீட்டில் இருந்த ஒரு கல்யாணமான பெண் தன் விருப்பத்துக்கு வந்து நின்று பாட அந்த நகரத்தில் ஒரு மேடை இருந்தது, வெளியூரிலிருந்து வந்த தகுதியான நடுவர்கள் இருந்தார்கள். அதே போட்டிக்கு 1939இல் நடுவராக வந்த நியூகாசில் ஆசிரியர் ஹட்சின்சன் அவரைத் தன் மாணவியாக்கிக்கொண்டார். முறையான குரற்பயிற்சி அதற்குப் பிறகுதான்.

பதினெட்டு வயதோடு முடிந்துபோகும் எங்கள் போட்டிகளின் முறையில் இந்தப் பெண் வந்திருந்தால் யார் கண்டுபிடித்திருப்பார்கள்?

என்னிடம் படித்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். நாலு கட்டையில் பாடுவாள்; கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. காம்போதி ராகத்தில் கீழ் ஸ்தாயியின் மந்தர பஞ்சமம் வரை இறங்கி அங்கே அசையாமல் நிற்பாள். பயிற்சியால் அப்படி நிற்பவர்கள் உண்டு, இவளுக்கு அது பிறவியிலேயே வந்தது. பள்ளிக்கூடத்துக் குழுப்பாட்டில் எல்லோருக்கும் ஐந்தரைக் கட்டை. அதில் அவளுடைய மேல் ஸ்தாயி கீறும், கழுத்து நரம்பு புடைக்கும், பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். தனிப்பாட்டில் தன் சுருதியிலேயே பாடினாள். "நல்ல ஞானம், ஆனால் ஆம்பிளைக் குரல் மாதிரி இருக்கு, ஏத்திப் பாடப் பழகும்" என்று ஒரு நடுவர் அவள் முகத்துக்கு நேரே சொன்னார். அடுத்த வருஷம் எவ்வளவு கெஞ்சியும் அவள் பெயர் கொடுக்கவில்லை. இன்று விடியப்புறம் சந்தியில் காமென்ட்ஸ் பஸ் ஏறுகிறாள். வழியில் கண்டால் "ரீச்சர்" என்று கூப்பிட்டு நின்று கதைப்பாள். பாட்டைப் பற்றி மட்டும் கதைக்கமாட்டாள்.

இப்படியான ஒரு குரலை அந்த நாட்டில் என்ன செய்தார்கள் என்பதை நடுவர்களாக இருப்பவர்கள் அறிய வேண்டும். ஃபெரியரின் குரலை யாரும் மேலே ஏற்றச் சொல்லவில்லை. பெஞ்சமின் பிரிட்டன் என்ற பெரிய இசையமைப்பாளர் லுக்ரீஷியா என்ற பழைய ரோமப் பெண்ணின் கதையை ஒப்பரா எனப்படும் இசை நாடகமாக அமைத்தபோது தலைமைப் பாத்திரத்தையே அந்தக் கீழ்க்குரலுக்கு எழுதினார். 1946இல் இங்கிலாந்தின் கிளைன்ட்போர்ன் ஒப்பரா அரங்கில் அரங்கேறியது. ஃபெரியர் ஒப்பரா மேடை ஏறியது அதுதான் முதல் தடவை; நடிப்பு வருமா என்று மிகவும் பயந்திருந்தாராம். அடுத்த ஆண்டு அதே இடத்தில் க்ளுக் என்பவரின் ஒப்பராவில் ஓர்ஃபியஸாக வந்தார். செத்துப்போன மனைவியைத் தேடி இறந்தோர் உலகம் வரை பாடிக்கொண்டே போகிற ஆணின் பாத்திரம் அது. திரும்பி வராதவர்களை இன்றும் தேடிக்கொண்டிருக்கும் எங்கள் மக்களுக்கு அந்தக் கதையை நான் விளக்கத் தேவையில்லை. ஒப்பரா மேடையில் அவர் வாழ்நாளில் ஏற்றவை இந்த இரண்டு பாத்திரங்கள்தான். மீதியெல்லாம் கச்சேரி மேடை. நாஸிகளால் ஜெர்மனியை விட்டு வெளியேறிய இசைக்குழு நடத்துநர் புரூனோ வால்டர், மாலர் என்ற இசையமைப்பாளரின் பாடல்களை அவருக்குப் பழக்கினார். 1947இல் முதலாவது எடின்பரோ விழாவில் அவற்றைப் பாடியபோது, அழுகை தொண்டையை அடைத்து, முடிவுச் சொல்லைப் பாட முடியாமல் நின்றார் என்று படித்தேன். 1952இல் வியன்னாவில் இருவரும் சேர்ந்து செய்த ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. இளையோர் தொலைபேசியில் தேடிக் கேட்கலாம்.

அந்த ஒலிப்பதிவுக் காலத்தில் அவர் நோயாளி. 1951இல் மார்புப் புற்றுநோய் கண்டு சத்திரசிகிச்சை நடந்தது. அதற்குப் பின்னும் பாடினார். 1953 பெப்ரவரியில் லண்டன் கொவென்ட் கார்டன் ஒப்பரா அரங்கில் ஓர்ஃபியஸை ஆங்கிலத்தில் பாட ஏற்பாடாயிற்று. நான்கு காட்சிகள் என்று திட்டம். முதற்காட்சி நடந்தது. 6ஆம் திகதி இரண்டாவது காட்சி. நோய் எலும்புக்குப் பரவியிருந்ததால் மேடையில் நிற்கும்போதே இடது தொடை எலும்பு முறிந்தது. அவர் நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டு, நின்ற நிலையில் மிச்சத்தையும் பாடி முடித்தார். சபைக்கு ஒன்றும் தெரியாது; கைதட்டலை ஏற்றுக்கொண்ட பிறகுதான் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அதன்பின் அவர் மேடை ஏறவில்லை. அந்த ஆண்டு ஒக்ரோபர் 8இல் 41 வயதில் காலமானார். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கிளினிக் போய்வந்துகொண்டே அன்றாட வேலைகளையும் பார்க்கும் பெண்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அவர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். ஓர் அம்மா அந்தத் தென்காற்றுப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார்.

ஆகவே எங்கள் பிரதேச செயலகங்களிடமும் கலாசாரப் பேரவைகளிடமும் நான் கேட்பது இதுதான். பண்பாட்டு விழாக்களில் வயது வரம்பில்லாத தனிப்பாட்டுப் பிரிவு ஒன்று வையுங்கள். வட இலங்கை சங்கீத சபைச் சான்றிதழ் இருந்தால்தான் என்று கேட்காதீர்கள். கீர்த்தனை, தேவாரம், அருவிவெட்டுப் பாட்டு எதுவானாலும் பாடட்டும். சுருதியைப் பாடுகிறவரே சொல்ல வேண்டும்; கட்டை குறைவென்று புள்ளி வெட்டக்கூடாது என்பதை விதியாகவே எழுதி வையுங்கள். நடுவர்கள் வெளிமாவட்டத்திலிருந்து வரட்டும், மேடையில் வைத்துப் பிள்ளையின் குரலைப் பழிக்காதவர்களாக வரட்டும். போட்டியை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், வேலைக்குப் போகிறவர்கள் வர வேண்டுமே.

இன்னொன்றும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அரசின் ஆதரவோடு இயங்கிய ஓர் அமைப்பு பாடகர்களைத் தொழிற்சாலைகளுக்கே அனுப்பியது. பேர் தெரியாத நாட்களில் ஃபெரியரும் அப்படிப் போய்த் தொழிலாளர் முன்னால் பாடியிருக்கிறார். கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைகளில் எங்கள் பழைய மாணவிகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மதிய இடைவேளையில் அரைமணி நேரம் விட்டால் போதும். அவர்கள் கேட்கவும் செய்வார்கள், பாடவும் செய்வார்கள்.

காலபோக அறுவடை முடிந்து, வைகாசியில் வரும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முன்னுள்ள மாதங்களில் மக்களுக்குக் கொஞ்சம் ஓய்வுண்டு. முதற்போட்டியை அப்போது வைக்கலாம். தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கத்தில் எந்த மண்டபம் தந்தாலும் சரி. தம்புராவும் சுருதிப் பெட்டியும் நான் கொண்டுவருகிறேன். மிருதங்கத்துக்கு ஆள் பேசியிருக்கிறேன். பெயர் பதிவுகளையும் நானே பார்க்கிறேன். அந்த நாலு கட்டைப் பிள்ளையின் வீட்டுக்கு நேரில் போய்க் கேட்கவும் எண்ணியிருக்கிறேன். திகதி ஒன்றைத் தாருங்கள்.

இப்படிக்கு,
சங்கீத ஆசிரியை ஒருவர்,
விசுவமடு.