பதினான்கு நகல்களும் ஒரு நள்ளிரவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாணவர் பக்கத்தை மகளுக்காகத்தான் எடுத்து வைக்கிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன், ஆனால் முதலில் படிப்பது நான்தான். அந்தப் பக்கத்தில் புரோகிராமிங் பற்றியும் அவ்வப்போது தமிழில் எழுதினால் என்ன என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். வெறுமனே கேட்டால் எதை எழுதுவது என்று திருப்பிக் கேட்பீர்கள், அதனால் ஒரு விஷயத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.

மகள் இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை மூன்றில் கம்ப்யூட்டிங் படிக்கிறாள். மொழி பைத்தான். போன வாரம் அவளுடைய துணைப்பாட நோட்டில் ஒரு பயிற்சியைப் பார்த்தேன், கோப்பிக் கடைக்கு ஒரு புரோகிராம். கோப்பி, கோப்பி ஓ, கோப்பி சி, கோப்பி கோசோங், கோப்பி பெங் என்று ஐந்துக்கும் தனித்தனி ஃபங்ஷன், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்துதரும் வரித் தொகுப்பு, ஐந்திலும் ஏறக்குறைய அதே வரிகள். ஓரத்தில் "ஒன்றை எழுதி, காப்பி செய்து, பெயரை மாற்று" என்று குறிப்பு வேறு. காப்பிக்குக் காப்பியா என்று அவளே சிரித்துவிட்டாள்.

கடையில் கோப்பி போடுகிற அங்கிள் அப்படியா செய்கிறார்? அவரிடம் இருப்பது ஒரே செய்முறை. ஒன்றும் சொல்லாவிட்டால் டின்பாலும் சீனியும் விழும். "ஓ" என்றால் பால் கிடையாது, "சி" என்றால் இனிப்பில்லாத டின்பால், "கோசோங்" என்றால் சீனி இல்லை, "சியூ டாய்" என்றால் சீனி குறைவு, "பெங்" என்றால் ஐஸ். நீங்கள் வாய் திறக்காத விஷயமெல்லாம் வழக்கப்படி நடக்கும். ஃபங்ஷனுக்கு நாம் கொடுக்கும் விவரம் ஆர்கியுமென்ட், புரோகிராமில் டிஃபால்ட் ஆர்கியுமென்ட் என்பது இதுதான். இதற்கு முன்னிருப்பு, இயல்பிருப்பு என்றெல்லாம் தமிழில் சொல் உண்டு. எனக்கென்னவோ "சொல்லாவிட்டால்" என்றாலே போதும், என் அம்மாவுக்குக்கூடப் புரிந்துவிட்டது.

அப்புறம் தினமும் காலையில் வருகிற வாடிக்கையாளர் இருக்கிறார். அவர் தலை தெரிந்ததுமே அங்கிள் கோப்பி சி சியூ டாய் போட ஆரம்பித்துவிடுவார். என்றைக்காவது அவர் "இன்றைக்குச் சீனியே வேண்டாம்" என்றால் அன்றைக்கு மட்டும் மாறும். அவருக்காகப் புதுச் செய்முறை எதுவும் எழுதப்படவில்லை, பழையதன்மேல் இரண்டு விவரங்களை அங்கிள் மனதில் ஒட்டி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். பைத்தானில் இந்த வேலைக்கென்றே ஃபங்க்டூல்ஸ் என்ற தொகுப்பில் பார்ஷியல் என்று ஒன்று இருக்கிறது, 2006இல் வந்த 2.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது. மூல ஃபங்ஷன் எது, எந்த விவரங்களை முன்கூட்டியே நிரப்ப வேண்டும் என்று கொடுத்தால் போதும். நகல் எடுக்காது, மூலத்தையும் அந்த விவரங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பார்ஷியல்மேல் பார்ஷியல் அடுக்கினாலும் அது பொதுவாக உள்ளே தட்டையாகி ஒரே அடுக்காகத்தான் நிற்கும், ஆகவே கோப்பி சி கோசோங் பெங் வரைக்கும் போனாலும் வேகம் குறையும் என்ற பயம் வேண்டாம்.

நகல் எடுப்பதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், பட்டிருக்கிறேன். நான் வேலை பார்க்கும் சிறிய நிறுவனம் உணவகங்களுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிறது. 2022இல் எங்களிடம் பில் ஃபங்ஷன் பதினான்கு நகல்களாக இருந்தது: உட்கார்ந்து சாப்பிட ஒன்று, பொட்டலத்துக்கு ஒன்று, வீட்டுக்கு அனுப்ப ஒன்று, கேட்டரிங்குக்கு ஒன்று, ஊழியர் தள்ளுபடிக்கு ஒன்று, மற்றதை யார் எதற்கு எழுதினார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு திசையில் பார்ப்பார்கள். 2007 ஜூலையிலிருந்து பொருள் சேவை வரி 7 விழுக்காட்டிலேயே இருந்ததால் எல்லாவற்றிலும் 7 என்று நேரடியாகவே எழுதியிருந்தோம். 2023 ஜனவரி 1ஆம் தேதி அது 8 ஆனது. பதின்மூன்றைத் திருத்தினோம். விட்டுப்போனது கேட்டரிங். ஆயிரம் வெள்ளி பில்லுக்குப் பத்து வெள்ளி வரி குறைந்துபோய், கடைக்காரர் தன் கையிலிருந்து கட்டிவிட்டு எங்களுக்குப் போன் செய்தார். அந்தப் போன் உரையாடலை இங்கே எழுத முடியாது.

சரி, பட்டது போதும் என்று பதினான்கையும் தூக்கிவிட்டு ஒரே ஃபங்ஷனாக்கினேன். தொகை, வரி, சேவைக் கட்டணம் மூன்றையும் வாங்கிக்கொள்ளும், மற்ற வகைகளெல்லாம் அதிலிருந்து பிறக்கும். முதல் முயற்சியில் உணவகக் கிளைகளை ஒரு லூப்பில், அதாவது அதே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சுற்றில், சுற்றவிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு லாம்டா, அதாவது பெயரில்லாத குட்டி ஃபங்ஷன், எழுதினேன். சோதித்தபோது பொட்டலம் மட்டும் விற்கிற கவுன்ட்டர் உட்பட எல்லாக் கிளைகளும் கடைசிக் கிளையின் 10 விழுக்காடு சேவைக் கட்டணத்தைப் போட்டன. லாம்டா தனக்கு வெளியே இருக்கும் மாறியை (மதிப்பை வைத்திருக்கும் பெயரை), தன்னைக் கூப்பிடும்போதுதான் போய்ப் பார்க்கும், அதற்குள் லூப் முடிந்து அதில் கடைசி மதிப்பு உட்கார்ந்திருக்கும். பார்ஷியல் அப்படியில்லை, உருவாகும் நொடியிலேயே மதிப்பை வாங்கிக்கொள்கிறது. மாற்றினேன், சரியானது.

ஆனால் பார்ஷியலின் அந்தக் குணமே அடுத்த ஆண்டு எங்களைக் கவிழ்த்தது. 2024 ஜனவரி 1இல் வரி 9 ஆகப்போகிறது. இந்த முறை விகிதம் தனிக் கோப்பில் ஒரே இடத்தில் இருக்கிறது, நள்ளிரவில் 8ஐ 9 ஆக்க ஏற்பாடும் செய்தாயிற்று, நிம்மதியாக வீட்டில் உட்கார்ந்து மரினா பே வாணவேடிக்கையை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டே காலுக்குப் போன் வந்தது. 100 வெள்ளிச் சாப்பாடு, சேவைக் கட்டணத்தோடு 110, அதன்மேல் 9 விழுக்காடு போட்டால் 119.90 வர வேண்டும். எங்கள் பில்லில் 118.80. கோப்பில் 9 என்றுதான் இருந்தது. ஆனால் காலையில் புரோகிராம் தொடங்கியபோதே பார்ஷியல் 8ஐ வாங்கி வைத்துவிட்டது, அதற்குப் பிறகு கோப்பில் என்ன எழுதினாலும் அதற்குத் தெரியாது. சர்வரை நிறுத்தித் தொடங்கினேன், பிரச்சினை தீர்ந்தது, புத்தாண்டும் பிறந்துவிட்டிருந்தது.

பார்ஷியலைக் குறை சொல்ல மாட்டேன், சொன்னபடிதான் செய்தது. எதை நிரப்பி வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று நான்தான் யோசிக்கவில்லை. இப்போது கிளையின் சேவைக் கட்டணத்தை மட்டும் நிரப்பி வைக்கிறோம். வரியை நிரப்புவதில்லை. பில்லின் தேதியைக் கொடுத்தால் ஒரு சிறு பட்டியலைப் பார்த்து எடுத்துக்கொள்ளும்: 1994 ஏப்ரலில் 3, 2003இல் 4, 2004இல் 5, 2007 ஜூலையில் 7, அப்புறம் 8, 9. பழைய பில்லுக்குப் பணம் திருப்பித் தரும்போதும் இது கைகொடுக்கிறது.

மகள் அந்தப் பயிற்சியை மாற்றி எழுதியபோது கற்றுக்கொண்ட மற்ற இரண்டு விஷயங்களையும் எழுதிவிடுகிறேன். பைத்தானில் டிஃபால்ட் மதிப்பு, ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒரு முறைதான் உருவாகும். ஆர்டர் பட்டியலுக்கு டிஃபால்ட்டாக ஒரு வெற்று லிஸ்டை வைத்து அதிலேயே சேர்த்துக்கொண்டு போனால் முதல் மேசைக்காரர் குடித்த கோப்பி இரண்டாம் மேசை பில்லில் ஏறிவிடும். டிஃபால்ட்டாக நன் (None, பைத்தானில் "ஒன்றுமில்லை") என்று வைத்து, ஃபங்ஷனுக்கு உள்ளே வந்ததும் புது லிஸ்ட் போட வேண்டும். இன்னொன்று, பார்ஷியலில் பெயர் சொல்லி நிரப்பிய ஆர்கியுமென்ட்டைக் கூப்பிடும்போது மாற்ற வேண்டுமானால் மறுபடியும் பெயர் சொல்லித்தான் மாற்ற வேண்டும். வரிசையில் இரண்டாவதாக எண்ணை மட்டும் தள்ளினால், ஒரே ஆர்கியுமென்ட்டுக்கு இரண்டு மதிப்பா என்று பைத்தான் பிழை காட்டும். இதில் மகள் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டாள், நானும் வேண்டுமென்றே உதவவில்லை.

பார்ஷியல் போல முன்கூட்டியே நிரப்பி வைப்பதைக் கரியிங் என்று சிலர் சொல்வார்கள். அது வேறு, பல ஆர்கியுமென்ட் வாங்கும் ஃபங்ஷனை ஒவ்வொன்றாக வாங்கும்படி உடைப்பது. பெயர் ஹாஸ்கல் கரி என்ற அமெரிக்க அறிஞருடையது, தேக்கா மீன்தலைக் கறியோடு சம்பந்தம் கிடையாது.

மாணவர் பக்கத்தில் அரைப் பக்கம் கிடைத்தால் போதும். ஐந்து ஃபங்ஷன் எழுதச் சொன்ன அந்தப் பயிற்சியை ஒரே ஃபங்ஷனாக மாற்றி, விளக்கத்தோடு தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டால் அனுப்புகிறேன், மகள் எழுதியதையும் சேர்த்து. அவளுடையது என்னுடையதைவிட நான்கு வரி குறைவு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புக்கிட் பாத்தோக்