தலைமையாசிரியர் கடிதம்: தட்டில் மிஞ்சிய சோறும் தொட்டியும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

"பிள்ளையைப் படிக்க அனுப்பினோமா, எச்சில் சோறு அள்ள அனுப்பினோமா?" என்று சென்ற வாரம் ஒரு தந்தை பள்ளி வாசலில் நின்று கேட்டார். மதிய உணவில் தட்டில் மிஞ்சும் சோற்றைப் பள்ளியின் எரிவாயுத் தொட்டியில் போட்டு அடுப்புக்கு வாயு எடுக்கிறோம், அதைப் பற்றித்தான் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பின்னால் இருக்கும் வலியும் எனக்குத் தெரியும். அவருக்குச் சொன்ன பதிலையே உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

மற்றவர் எச்சிலை எந்தப் பிள்ளையும் தொடுவதில்லை. அவரவர் தட்டை அவரவரே வாளியில் கவிழ்க்கிறோம், ஆசிரியர்களும் அப்படித்தான். வாளியை எரிவாயுத் தொட்டிக்குத் தூக்கிச் செல்வது ஆசிரியர்களின் முறைவேலை. இந்த வாரம் என் முறை. தண்டனையாக இந்த வேலையை எவருக்கும் கொடுக்க மாட்டோம்.

பிள்ளைகளுக்கு அங்கே இருப்பது பார்ப்பதும் குறித்துக்கொள்வதும்தான். ஆண்டு விழாவுக்கு மறுநாள் மிஞ்சிய சாம்பார் சாதம் முழுவதையும் ஒரே நேரத்தில் கொட்டச் சொன்னவன் நான். மூன்றாம் நாள் புளித்த நாற்றம். அடுப்பில் நீலச் சுடரைக் காணோம். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அமிலம் பட்டுச் சிவந்துபோன லிட்மஸ் தாளை நீட்டி, "சார், தொட்டிக்கு வயிற்றுக் கோளாறு" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். சோறு வேகமாக அமிலமாகிறது. அடுப்பில் எரியும் மீத்தேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் மெதுவாக வளர்பவை, அந்தப் புளிப்பை அவை தாங்குவதில்லை. சில நாள் பட்டினி போட்டு, சாணக் கரைசல் ஊற்றிய பிறகே தொட்டி தேறியது.

சோற்றின் தொல்லை இப்படி என்றால் வைக்கோலின் தொல்லை வேறு. அதிலுள்ள லிக்னின் என்ற கெட்டிப்பொருளைத் தொட்டி நுண்ணுயிரிகளால் உடைக்க முடிவதில்லை. சிப்பிக் காளானின் பூஞ்சை உடைத்துவிடுகிறது. அதனால் வேகவைத்த வைக்கோலில் முதலில் காளான் வளர்க்கிறோம். அறுவடை முடிந்த பையைப் பிரித்தால், வெளுத்த வைக்கோல் விரலால் கசக்கியதுமே பொடிகிறது. அதைத்தான் சோற்றுடன் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறோம்.

வைக்கோலைச் செரிக்க உங்கள் வீட்டு ஆடுமாடுகளும் காலங்காலமாகப் பூஞ்சையின் உதவியைப் பெறுகின்றன. காற்றில்லாத இடத்தில் பூஞ்சை வாழாது என்றே அறிஞர்கள் நம்பியிருந்தார்கள். 1975ஆம் ஆண்டு கோலின் ஆர்ப்பின் என்ற இங்கிலாந்து ஆய்வாளர், செம்மறியாட்டின் முதல் இரைப்பையில் காற்றில்லாமலே வாழும் ஒரு பூஞ்சை இருப்பதைக் கண்டார். இதைக் கேட்ட அன்று மாலையே எங்கள் மாணவன் ஒருவன் வீட்டு ஆடு அசைபோடுவதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். வீட்டுப்பாடம் எழுதவில்லை. திட்ட மனம் வரவில்லை.

முழுச் சமையலுக்கும் இந்த எரிவாயு போதாது. முட்டை அவிக்கவே சில நாள் பற்றுவதில்லை. ஆனால் வெளிவரும் கரைசல் நல்ல உரம். வாயுவாகப் போவது பெரும்பாலும் கரிச்சத்துதான் (கார்பன்), தழைச்சத்து கரைசலிலேயே தங்கிவிடுகிறது. தேவைப்படுவோர் வெள்ளி மாலை மூடியுள்ள வாளியுடன் வாருங்கள். தண்ணீர் கலந்து முருங்கைக்கோ வாழைக்கோ வேரோரம் ஊற்றலாம். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லிப் பாத்திக்கு மட்டும் வேண்டாம்.

இளைப்பு உள்ள பிள்ளைகள் காளான் அறைக்குள் போகக்கூடாது, அதன் வித்துத்தூள் மூச்சுக்கு ஆகாது. அப்படி எவரேனும் இருந்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். நெல் வைக்கோலோ ராகித் தாளோ மாட்டுக்குப் போக மிஞ்சினால் ஒரு கட்டு கொடுத்தனுப்புங்கள். மழையில் நனைந்து கறுத்தது வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
அரசு நடுநிலைப் பள்ளி,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.