வாசலைத் தாண்டிய பிறகு போகும் நேரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

விபத்தில் அடிபட்டவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். சரி, அது முக்கியம்தான். ஆனால் ஸ்ட்ரெச்சர் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிய பிறகு போகும் நேரத்தை யார் கணக்குப் பார்க்கிறார்கள்? அவசர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் செவிலியராக இருந்தவள் என்பதால் கேட்கிறேன்.

ஸ்கேன் அறை காலியாக வேண்டும், ரத்தம் வந்துசேர வேண்டும், பெரிய டாக்டருக்குத் தகவல் போக வேண்டும், கையெழுத்துப் போடச் சொந்தக்காரர் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம்தான். கூட்டிப் பாருங்கள்.

வலியில் கத்துகிறவரைச் சுற்றித்தான் எல்லோரும் நிற்போம். பேசாமல் படுத்திருக்கும் இளைஞரை 'இவர் பரவாயில்லை' என்று ஓரமாக வைத்துவிடுவோம். இளம் உடம்பு நம்மை ஏமாற்றும். வளர்ந்தவர் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். அதில் 1 லிட்டர் வயிற்றுக்குள் கசிந்திருந்தாலும் பிரஷர் சரியாகவே காட்டக்கூடும். நாடி வேகமாக ஓடும், கை கால் ஜில்லிடும், அவ்வளவுதான். பிரஷர் இறங்கட்டும் என்று காத்திருந்தால் கைமீறிப் போய்விடும். அப்படி ஒருவரை நாங்கள் தாமதமாகக் கவனித்தோம். அவர் பிழைக்கவில்லை.

2010இல் வெளியான கிராஷ்-2 ஆய்வு, 40 நாடுகளில் அடிபட்டு வந்த 20,000க்கும் அதிகமானவர்களை வைத்து நடந்தது. ரத்தக் கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் என்ற பழைய மருந்துதான். அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் போட்டவர்களிடம் ரத்தப்போக்கால் இறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 3 மணி நேரம் கடந்து போட்டவர்களிடமோ அந்த இறப்பு கூடியே இருந்தது. மருந்து ஒன்றுதான், மாறியது நேரம் மட்டும்.

அப்புறம், இடம் மாற்றி அனுப்பும் கூத்து. தலையில் அடிபட்டு நினைவு மங்கிவரும் நோயாளியை, மூளை அறுவை சிகிச்சை வசதியே இல்லாத இடத்தில் எல்லாப் பரிசோதனையும் முடியும்வரை வைத்திருந்து பிறகு அனுப்புவார்கள். போன இடத்தில் அதே ஸ்கேன் மறுபடியும். இங்கே முடியாது என்பது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்திருக்கும்!

அடிபட்ட நேரம், டாக்டர் முதலில் பார்த்த நேரம், ரத்தம் ஏற்றத் தொடங்கிய நேரம், ஆபரேஷன் தியேட்டருக்குள் போன நேரம் — இந்த நான்கையும் கேஸ் ஷீட்டில் கட்டாயமாக்க வேண்டும். அந்த இளைஞரின் ஷீட்டில் வந்த நேரமும் இறந்த நேரமும்தான் இருந்தன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்