எண் தெரிந்தும் முதல் பக்கத்தில் நிற்கும் மென்பொருள்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்க்கிறேன். நீதிமன்றங்களில் மின்தாக்கல் வந்த பிறகு எங்களுக்கு வேலை குறைந்துவிட்டது என்று பலரும் பேசுகிறார்கள். கட்டுத் தூக்குகிற வேலை குறைந்தது உண்மைதான். பக்கம் தேடுகிற வேலை அப்படியே இருக்கிறது. வழக்கு மென்பொருள் செய்து விற்பவர்களின் காதில் விழட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பு. அண்ணன் தம்பிகளுக்குள் பாகப்பிரிவினை வழக்கு. தாய்ப்பத்திரம், அடுத்தடுத்த கிரயப் பத்திரங்கள், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல், வாரிசுச் சான்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் கோப்பாக வைத்திருக்கிறோம். நானூறு பக்கத்துக்கு மேல் வரும். எந்த ஆவணம் எந்தப் பக்கம் என்ற விவரம் எக்செலிலும் இருக்கிறது, காசு கொடுத்து வாங்கிய வழக்கு மென்பொருளிலும் இருக்கிறது. "அந்த 1978 கிரயத்தை எடு" என்கிறார் சீனியர். திரையில் 212ஆம் பக்கம் என்று பளிச்சென்று போட்டிருக்கிறது. சொடுக்கினால் முகப்புத் தாள் வந்து நிற்கிறது! சாட்சி கூண்டில் நிற்க, நீதிபதி காத்திருக்க, நான் சுட்டியை உருட்டிக்கொண்டே போக வேண்டும். எதிர்த்தரப்பு ஜூனியர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

விற்றவரிடம் கேட்டோம். கோப்பைத் திறந்து விடுவதோடு தங்கள் வேலை முடிந்தது, பக்கத்துக்குப் போவது பிடிஎஃப் படிக்கும் மென்பொருளின் பாடு என்றார். இதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பிடிஎஃப் வெளிவந்தது 1993இல். தென்னாற்காட்டைப் பிரித்துக் கடலூர் மாவட்டம் அமைத்த அதே ஆண்டு. கோப்பின் இணைய முகவரிக்குப் பின்னால் ஹாஷ் குறி (#), 'பேஜ்' (page) என்ற ஆங்கிலச் சொல், சமக்குறி, பக்க எண் ஆகியவற்றை வரிசையாகச் சேர்த்தால் நேரே அந்தப் பக்கம் திறக்கும் என்பது 2004இலேயே இணைய விதிமுறை ஆவணத்தில் எழுதப்பட்டுவிட்டது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகள் இதைக் கேட்டு நடக்கின்றன. கணினியில் நிறுவிய அடோபி ரீடரை வேறொரு மென்பொருள் அழைக்கும்போதும் பக்க எண்ணைச் சேர்த்துக் கொடுக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் சுமாத்ரா, ஒகுலர் போன்ற பிடிஎஃப் படிக்கும் மென்பொருள்களிலும் இந்த வசதி உண்டு.

எக்செல் இணைப்பிலேயே அந்த ஹாஷ் வாலை ஒட்டிவிடலாமே என்று சிலருக்குத் தோன்றும். கணினியில் உள்ள கோப்புக்கு அது பெரும்பாலும் பலிப்பதில்லை. கோப்பின் பெயர் மட்டும் படிக்கும் மென்பொருளிடம் போய்ச் சேருகிறது. வால் வழியிலேயே அறுந்துவிடுகிறது. ஆகவே படிக்கும் மென்பொருளைப் பெயர் சொல்லி அழைத்து, கோப்பையும் எண்ணையும் அதன் கையில் கொடுக்க வேண்டும். எங்கள் அலுவலக ஜூனியர் ஒருவர் இதற்கு நாலு வரியில் ஒரு பேட்ச் கோப்பு (கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிய சிறு கோப்பு) எழுதிக் கொடுத்தார். நன்றாக வேலை செய்கிறது. ஆண்டுச் சந்தா வாங்குகிற நிறுவனத்துக்கு அந்த நாலு வரி ஏன் கைவரவில்லை?

அவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி இன்னொன்று உண்டு. நாங்கள் தாளில் போடும் எண் வேறு, கணினி எண்ணும் எண் வேறு. முகப்பு, அட்டவணை எல்லாம் கழிந்து, முதல் ஆவணத்தில்தான் நாங்கள் 1 என்று முத்திரை குத்துகிறோம். கணினி முகப்பிலிருந்தே எண்ணத் தொடங்குகிறது. முன்னால் ஆறு தாள் இருந்தால் எங்கள் 212 அதற்கு 218. அந்த வித்தியாசத்தைக் குறிக்க ஒரு கட்டம் வைத்தால் போதும் என்று நினைக்கலாம். ஆனால் கூடுதல் ஆவணம் தாக்கலாகி, அட்டவணை ஒரு தாள் நீண்டால் மறுபடியும் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். பிடிஎஃப் கோப்புக்குள்ளேயே ஓர் இடத்துக்குப் பெயர் சூட்டி வைக்கவும், வெளியிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லித் திறக்கவும் வழி இருக்கிறது. வாதி தரப்புச் சான்றாவணம் 7 என்று கிரயப் பத்திரத்தின் முதல் தாளுக்குப் பெயர் வைத்துவிட்டால், முன்னால் எத்தனை தாள் சேர்ந்தாலும் பெயர் அந்தத் தாளோடேயே நகரும். நீதிமன்றத்தில் ஆவணங்களை நாங்கள் அழைப்பதும் அந்தப் பெயரால்தானே.

பத்திர எழுத்தர்களுக்கும் நில அளவைக் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கும் இதே தொல்லை இருக்கும் என்று நினைக்கிறேன். அவர்கள் எழுதட்டும். என் சக குமாஸ்தாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: சந்தா புதுப்பிக்க ஆள் வரும்போது, உங்கள் வழக்குக் கட்டு ஒன்றையே கொடுத்து, ஓர் ஆவணத்தை அதன் பக்கத்திலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். காசோலையை அதற்குப் பிறகு எழுதலாம்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா,
மஞ்சக்குப்பம், கடலூர்.