கண்ணகி நகர் சுவருக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

சென்னை கண்ணகி நகரில், மாடிக் குடியிருப்பின் சுவரில் கபடிப் பிள்ளைகளை வரைய வந்த ஓவியர்கள் நாங்கள். வேலைக்கு நடுவே வந்த மழையில் அந்தச் சுவர் நனைந்து ஊறியது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதையும் தாண்டி, படம் நேற்று முடிந்துவிட்டது. கை இன்னும் ஓயவில்லை, அதற்குள் நன்றியைச் சொல்லிவிடுகிறோம்.

முதலில் தரைத்தளத்து மேஸ்திரி ஐயாவுக்கு. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. சாரத்தடியில் நின்று சுவரைப் பார்த்தவர், பாலிதீன் கவரும் டேப்பும் எடுத்துவந்தார். ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி, காற்றுப் புகாமல் நாலு ஓரமும் ஒட்டினார். "காலையில பாத்துட்டு பிரைமர் டப்பாவைத் தொறங்க" என்றார். காலையில் கவரின் உட்புறம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. கைக்குக் காய்ந்த சுவர், உள்ளே முழுக்க ஓதம்.

அதன்மேல் பிரைமர் என்கிற அடிப்பூச்சும் பெயிண்டும் அடித்திருந்தால் ஈரம் வெளியே வர வழி தேடி, பெயிண்டைப் பின்னாலிருந்து தள்ளியிருக்கும். கொப்புளம் விட்டு, செதில் செதிலாக உரிந்து, சுவருக்குள்ளிருக்கும் உப்பு வெள்ளையாகப் பூத்து, சுவரைச் சமமாக்கப் பூசும் பட்டியும் பொடிந்திருக்கும். எந்த விலை எமல்ஷன் பெயிண்டும் இதற்குத் தாங்காது.

மழை மட்டும் காரணமில்லை என்று, மாடிக் குளியலறையிலிருந்து இறங்கும் பைப்பின் எல்போவை, அதாவது வளைவு மூட்டைக் காட்டினார் ஐயா. சொட்டிக்கொண்டே இருந்தது. அதை அவரே மாற்றினார். விரிசலை அகல வெட்டிவிட்டுக் கலவை வைத்து அடைத்தார். பூத்திருந்த உப்பைத் தண்ணீர் தொடாமல் கம்பி பிரஷால் தேய்த்தெடுக்கச் சொன்னார். கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடுமாம். புதுச் சிமெண்ட் பூச்சின் காரத்தன்மை நிறத்தைத் தின்னும் என்பதால் அந்த இடத்தை 28 நாள் ஆறவிட்டோம். கூலி கொடுத்தபோது, "பிள்ளைங்க மூஞ்சியில உப்பு பூக்கக் கூடாதுப்பா, அது போதும்" என்று கையை மடக்கிவிட்டார்.

பைப் வேலை முடியும்வரை கீழிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்த மாடி வீட்டு அக்காமார்கள், கட்டம் போட நூல் பிடித்த பொடிசுகள், இரவு விளக்குக்குக் கரண்ட் தந்த கடைக்கார அண்ணன், கேட்காமலே டீ அனுப்பிய கைகள் எல்லாவற்றுக்கும் நன்றி.

2000 முதல் ஆற்றோரங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட மக்களின் ஊர் இது. வேலை கேட்டுப் போனால் முகவரி சொல்லவே தயங்கவேண்டியிருந்தது. 2020இல் பெரிய சுவரோவியங்கள் வந்தபோது நகரம் இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்த்தது. 2025இல் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா ஆடியபோது ஊர்ப்பெயரே தலைப்புச் செய்தியானது. அப்படிப்பட்ட ஊரின் சுவர் ஒரு மழையில் உரிந்துபோகிற மாதிரி இருக்கக் கூடாது.

இனி பாலிதீன் ஒட்டிப் பார்க்காமல் எந்தச் சுவரிலும் பிரைமர் அடிக்கமாட்டோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒவ்வொரு தை மாதமும் வந்து, விரிசலும் பைப்பும் பார்த்து, நிறம் போன இடத்தைத் தொட்டுக் கொடுப்போம். ஐயா, அன்றைக்கு நீங்களும் கூட இருக்கவேண்டும்.